ஹொக்குசாயின் பேரலை: ஏ3 மறுஅச்சு வாங்கலாமா?

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற அலைப் படம், 1831 வாக்கில் வந்த மரக்கட்டை அச்சு (கட்டையில் செதுக்கி, மையிட்டுத் தாளில் எடுப்பது) இது. 1905இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் இசைநூல் அட்டைக்குப் போனது. 2024இல் ஜப்பானின் 1000 யென் நோட்டிலும் ஏறியது.

மூலம் ஏறக்குறைய 25 x 37 செ.மீ. தான். இந்த ஏ3 தாளில் (29.7 x 42 செ.மீ.) படம் ஏறக்குறைய அதே அளவில், வெட்டாமல் வந்திருப்பது அருமை. பெரிய போஸ்டர்களில் இடப்பக்க மேல்மூலையில் உள்ள தலைப்பும் கையெழுத்தும் வெட்டுப்பட்டுவிடுவதுண்டு.

நீலம்தான் ஏமாற்றுகிறது. படத்தின் உயிரே பிரஷ்யன் நீலம் என்ற அடர்நீலச் சாயம். அது அடர்ந்தும் வெளிறியும் பட்டை பட்டையாகப் பிரிய வேண்டும். இதில் அடர்நீலம் கறுப்பாகி, அலையின் உள்வளைவு தட்டையாகிவிட்டது. பளபளப்புத் தாளில் இன்னும் மோசம், பளபளப்பில்லாத மேட் தாளே கேளுங்கள்.

சட்டமிடும்போது படத்தைச் சுற்றிலும் மவுண்ட் அட்டை (கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி தரும் தடித்த அட்டை) வையுங்கள். கண்ணாடி நேரே படிந்தால், ஈரம் கோத்துத் தாள் ஒட்டிக்கொள்ளும்.