காட்டுயிர்ப் புகலிடமா, தேசியப் பூங்காவா? அமெரிக்காவின் இரு நிர்வாக முறைகள்

பொது நிலங்களில் காட்டுயிர்களையும் அவற்றைக் காண வரும் மக்களையும் ஒருசேரக் கையாள, அமெரிக்க அரசு இரண்டு வெவ்வேறு வழிகளை நெடுங்காலமாகப் பின்பற்றி வருகிறது. ஒன்று தேசியப் பூங்கா முறை, மற்றொன்று தேசியக் காட்டுயிர்ப் புகலிட முறை. இரண்டும் பொது நிலங்களைக் கவனிக்கும் ஒரே உள்துறையின் கீழ் இயங்கினாலும், பார்வையாளர் ஒருவர் வாயிலுக்கு வரும்போது அவரை உள்ளே விடலாமா என்பதைச் சட்டம் அணுகும் விதம் முற்றிலும் வேறு. வேளாண் துறையைச் சேர்ந்த தேசியக் காடுகளையும் இவற்றோடு சேர்த்துப் பேசுவதுண்டு. ஆனால் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மரம், மேய்ச்சல், நீர், பொழுதுபோக்கு ஆகியவற்றோடு காட்டுயிரும் ஒரு பயன் மட்டுமே என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

தேசியப் பூங்காக்களுக்கான 1916ஆம் ஆண்டுச் சட்டம், இயற்கைக் காட்சிகளையும் காட்டுயிர்களையும் காக்க வேண்டும் என்றும், வருங்காலத் தலைமுறைக்குக் குறைவு நேராதபடி மக்கள் அவற்றைத் துய்க்க வழிசெய்ய வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கட்டளையிடுகிறது. இரண்டும் மோதும்போது எது முந்தும் என்பதை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு காலத்து நிர்வாகமும் தனக்கேற்றபடி நிரப்பிக்கொண்டது. யெல்லோஸ்டோன் பூங்காவில், விடுதிக் குப்பையைத் தின்ன வரும் கரடிகளைப் பயணிகள் அமர்ந்து பார்ப்பதற்கு இருக்கை வரிசைகளே அமைத்திருந்தார்கள். அந்தக் காட்சி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் நின்றது, கடைசித் திறந்த குப்பைமேடு 1970 வாக்கில்தான் மூடப்பட்டது. பின்னர் அதே பூங்காவில் பனிக்கால மோட்டார் வண்டிகளை அனுமதிப்பதா என்ற வழக்கு, ஓர் அதிபர் ஆட்சியில் தடை, அடுத்த ஆட்சியில் தளர்வு என்று பத்தாண்டுக்கும் மேல் நீடித்து, 2013ஆம் ஆண்டு விதிகளோடுதான் ஒருவாறு அடங்கியது.

புகலிட முறை தொடங்கியதே வேறு நோக்கத்தில். தொப்பி அலங்காரத்துக்கான இறகு வணிகத்தால் நீர்ப்பறவைகள் அழிந்துகொண்டிருந்த நேரத்தில், 1903 மார்ச்சில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் புளோரிடாவின் பெலிகன் தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கினார். பார்வையாளர் என்ற எண்ணமே அப்போது இல்லை. 1962, 1966 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் பொழுதுபோக்குக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்தன. 1997ஆம் ஆண்டுச் சட்டம் முன்னுரிமையை ஐயமின்றி வகுத்தது. அலாஸ்காவைத் தவிர்த்த பிற மாநிலங்களில், புகலிடம் திறக்கப்படும் வரை மூடப்பட்டதாகவே கருதப்படும். எந்தப் பயன்பாடும் அந்தப் புகலிடத்தின் நோக்கத்துக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு செய்யாது என்று நிர்வாகி எழுத்தில் தீர்மானித்த பின்னரே அனுமதி கிடைக்கும். வேட்டை, மீன்பிடிப்பு, காட்டுயிர் காணல், ஒளிப்படம், சூழல் கல்வி, இயற்கை விளக்கம் ஆகிய ஆறும் முன்னுரிமை பெற்றவை. அவற்றின் மீதான தீர்மானத்தை 15 ஆண்டுக்குள்ளும், மற்றவற்றின் மீதானதை 10 ஆண்டுக்குள்ளும் மறுபடியும் ஆராய வேண்டும்.

இந்த அணுகுமுறையின் வலிமை, 1997க்கு முன்பே நெவாடாவின் ரூபி ஏரியில் வெளிப்பட்டது. வாத்துகள் கூடு கட்டும் அந்தச் சதுப்பில் விசைப்படகுகளுக்கு இடம் கொடுத்த விதிகளை, 1978இல் வாஷிங்டன் நகரின் நடுவண் மாவட்ட நீதிமன்றம் செல்லாதவை என்றது. புகலிடத்தின் முதன்மை நோக்கத்துக்குப் பொழுதுபோக்கு கேடு செய்யுமா என்பதைத்தான் உள்துறை அமைச்சர் பார்க்க வேண்டுமே தவிர, பொருளாதார, அரசியல் நெருக்கடிகளை எடைபோட அவருக்கு இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். பூங்காச் சட்டத்தின் இரட்டைக் கட்டளையை வைத்து இவ்வளவு திட்டவட்டமான தீர்ப்பைப் பெறுவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புகலிட முறையிலும் குறைகள் இல்லாமலில்லை. தீர்மானத்தை எழுதும் நிர்வாகி உள்ளூர்ப் படகுத் தொழிலாளருக்கும் விடுதிக்காரருக்கும் நடுவே வாழ்பவர். புளோரிடாவின் கிரிஸ்டல் ரிவர் புகலிடம் இதற்குத் தக்க சான்று. நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான மனாட்டிகள் குளிர்காலத்தில் அங்குள்ள வெதுவெதுப்பான ஊற்றுகளில் கூடுகின்றன. அவற்றுக்கு அருகில் நீந்துவதையே தொழிலாகக் கொண்ட சுற்றுலாவும் அங்கே வேரூன்றிவிட்டது. எனவே சில பகுதிகளைப் பருவம் முழுவதும் மனிதர் நுழையாதபடி அடைப்பதும், கடுங்குளிர் நாட்களில் ஊற்றுக்குள் நீந்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதுமாகச் சமாளிக்கிறார்கள். நீச்சலை அடியோடு நிறுத்தும் துணிவு எவருக்கும் வரவில்லை.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வேட்டைத் தடையோடு வாழும் நமக்கு, புகலிடத்திலேயே வேட்டைக்கு முன்னுரிமை என்பது உறுத்தத்தான் செய்யும். ஆனால் 1934இல் தொடங்கிய வாத்து முத்திரை என்ற உரிமச் சீட்டைப் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே வாங்குகிறார்கள். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை விலைக்கு வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செல்கிறது. பறவை பார்ப்போரிடமிருந்து இதற்கு இணையான கட்டாய வருவாய் எதுவும் இல்லாத வரை, அவர்களின் எதிர்ப்பு நிதியில் வலுவற்றதாகவே இருக்கும்.

ஆகவே பரந்த நிலப்பரப்பும் ஏற்கெனவே பெருங்கூட்டமும் உள்ள இடத்தில் பூங்கா முறை தவிர்க்க முடியாதது. கூடு கட்டும் சதுப்பு, குளிர்கால ஊற்று போன்ற சிறிய, பருவம் சார்ந்த வாழிடங்களுக்கு, இடையூறில்லை என்று தீர்மானித்த பின்னரே அனுமதி தரும் புகலிட முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் தீர்மானத்தை எழுதும் பொறுப்பு அந்த இடத்தின் நிர்வாகி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, வட்டாரத்துக்கு வெளியேயுள்ள உயிரியலாளர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும்.