காயாக் கன்று: செடி தரமானது, பெயரட்டை பிழையானது

புதுச்சேரிக்கு வடக்கே, நாட்டு மரங்களை மட்டுமே வளர்த்து விற்கும் ஒரு நாற்றங்காலில் சென்ற ஐப்பசியில் நான்கு காயாக் கன்றுகள் வாங்கினேன். முழங்கால் உயரம் இருந்தன. எதிரெதிராக அமைந்த தடித்த இலைகளில் பூச்சி அரித்த தடம் இல்லை, பையைக் கிழித்துப் பார்த்தபோது வேரும் சுருண்டிருக்கவில்லை. இந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் கன்றில் கட்டியிருந்த அட்டையில்தான். ‘விரைவில் வளரும் அழகு மரம்; முழு வெயிலில் நட்டுத் தினமும் நீர் ஊற்றவும்’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். காயா அப்படிப்பட்ட மரமே அன்று. உள்ளூரில் காசா என்று வழங்கும் இச்சிறுமரம் மிக மெதுவாக வளர்வது. இரும்பை ஒத்த உறுதி அதன் கட்டைக்கு வருவதும் அதனால்தான். சோழமண்டலக் கரையின் செம்மண்ணில், ஐப்பசி கார்த்திகை மழையைப் பெரிதும் நம்பி, அதன்பின் நீளும் மாதக்கணக்கான வறட்சியிலும் இலையுதிர்க்காமல் நிற்கும் உயரம் குறைந்த காடுதான் அதன் இயற்கை வாழிடம். அக்காட்டில் வீரை, பாலை, காட்டு எலுமிச்சை ஆகிய மரங்களோடு நெருங்கி நின்று, அவற்றின் நிழலில்தான் காயாவின் இளங்கன்று தலையெடுக்கிறது. பெரும்பகுதி அழிந்துபோன அந்தக் காட்டை இன்று காண வேண்டுமானால் புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைப் போன்ற கோயில் காடுகளுக்குத்தான் போக வேண்டும். கிளையை ஒடித்தால் சாமி குற்றமாகும் என்ற அச்சம், வேலி செய்யாத காவலை அங்கே செய்திருக்கிறது.

அழகு மரம் என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். பூக்கும் காலத்தில் இலையற்ற பழங்கிளைகளை ஒட்டியே நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். சங்கப் புலவர்கள் அதை மயிலின் கழுத்துக்கு ஒப்பிட்டதும், பின்வந்த அடியார்கள் திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று அழைத்ததும் அந்த நிறத்தை நேரில் கண்டவர்களுக்கு மிகையாகத் தோன்றாது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை விற்பவர் சொல்லியிருக்கலாம்.

அட்டையை நம்பி வெட்டவெளியில் நட்ட இரண்டு கன்றுகள் சித்திரைக்குள் கருகிவிட்டன. வேம்பின் நிழலில் நட்ட இரண்டும், அளவாக நீர் பெற்று, மெல்லத் துளிர்க்கின்றன. முறையிட்டபோது நாற்றங்காலார் தயங்காமல் இரண்டு புதிய கன்றுகள் கொடுத்தார்கள். அவற்றிலும் அதே அட்டைதான் தொங்கியது. கன்றை நம்பி வாங்கலாம், அட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.