புதிய தளத்தைத் தேடுபொறியில் ஏற்ற எந்த வழி?

நிலாவெளியில் ஆறு அறை விடுதி நடத்தும் மாமா, பங்குனியில் புதிய இணையத்தளம் செய்வித்தார். சித்திரை பிறந்தும் கூகுளில் விடுதியின் பெயரைத் தட்டினால் முன்பதிவுத் தளங்கள்தான் வந்தன. மே மாதம் சுற்றுலாக் காலம் தொடங்கிவிடும். இதற்குள் "ஐந்நூறு தேடுபொறிகளில் பதிந்து தருகிறோம்" என்று யாரோ பணம் கேட்டிருக்கிறார்கள். "கொடுக்கட்டுமா, மருமகன்?" என்றார்.

வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த தேடுபொறிகளுக்கு இரண்டு கை விரல்களே அதிகம். காசு வாங்கிக்கொண்டு எந்தத் தளத்தையும் அடிக்கடி வந்து பார்ப்பதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. முகவரியை யாரும் எழுதிப் போடக்கூடிய அதன் பொதுப் படிவமும் 2018 இல் மூடப்பட்டுவிட்டது.

சும்மா இருப்பதும் ஒரு வழிதான். தேடுபொறி இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே நடப்பது. ஒரு நாள் தானாக வரும். ஆனால் மாமாவின் தளத்துக்கு எங்கிருந்தும் இணைப்பு இல்லை. புறாத்தீவுக்குப் படகு விடும் நண்பரின் பழைய தளத்தில் ஒரு வரி போடச் சொன்னேன். காசில்லாத வேலை, ஐந்நூறு பதிவுகளைவிடப் பெறுமதி.

உண்மையான போட்டி, தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப்புக்கும், தள உரிமையாளருக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் 'இதைச் சேர்' என்று ஒவ்வொரு பக்கமாகக் கொடுக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில்தான். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும். நாள்தோறும் செய்தி போடும் தளத்துக்கு அதுதான் முதுகெலும்பு. பத்துப் பக்க விடுதிக்கு? கொடுத்து வைக்கலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் அது வெறும் குறிப்பு; தேடுபொறி அதற்குக் கட்டுப்பட்டதல்ல. சைட்மேப் மாறியதும் கூகுளுக்கு 'மாறிவிட்டது' என்ற சிறு சேதி (ping) அனுப்பச் சொல்லும் பழைய பாடங்களையும் நம்ப வேண்டாம். அந்த வசதியைக் கைவிடுவதாகக் கூகுள் 2023 இலேயே அறிவித்துவிட்டது.

விண்ணப்பத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு. ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழுத்துவதாலும் வேகம் கூடாது. சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். இருந்தும் என் வாக்கு இதற்கே, ஏனென்றால் இது பதில் சொல்கிறது. முகப்புப் பக்கத்தைச் சோதித்ததுமே, 'இதைத் தேடலில் சேர்க்காதே' என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறி தடுக்கிறது என்று காட்டியது. தளம் செய்தவர், தளம் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளில் தேடுபொறிகளை விலக்கிவைக்கும் பெட்டியில் இட்ட சரி அடையாளத்தை எடுக்க மறந்திருந்தார். ஒரு மாதமாக வாசலில் 'உள்ளே வராதே' என்ற பலகை! ஐந்நூறு அல்ல, ஐயாயிரம் இடத்தில் பதிந்திருந்தாலும் பயனில்லை.

மைக்ரோசாப்டின் தேடுபொறியான பிங் (Bing) பக்கம் கதை வேறு. 2021 இல் பிங்கும் ரஷ்யத் தேடுபொறி யாண்டெக்ஸும் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் முறையில், பக்கம் மாறியதும் நம் தளமே சேதி அனுப்பிவிடும். கூகுள் இதில் சேரவில்லை. பிங்கை யார் பார்க்கிறார்கள் என்று மாமா சிரித்தார். டக்டக்கோ என்ற இன்னொரு தேடுபொறியின் முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருவது. நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர்களில் அதைப் பயன்படுத்துபவர்களும் இருப்பார்கள். சர்ச் கன்சோலில் இருக்கும் தளத்தை அப்படியே பிங்குக்கு இறக்குமதி செய்யவும் முடியும், ஆகவே செய்துவிட்டோம். பக்கம் மாறியதை நிரல் வழியே நேராகத் தெரிவிக்கும் கூகுளின் இண்டெக்சிங் ஏபிஐயோ வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலைக் காணொளிகளுக்கும் உரியது. அறை வாடகைக்கு அங்கே இடமில்லை.

சரி அடையாளத்தை எடுத்து விண்ணப்பித்த நான்காம் நாள் முகப்புப் பக்கம் கூகுளில் வந்தது, அடுத்த வாரம் அறைகளின் பக்கம். கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் மட்டும் 'பார்வையிடப்பட்டது, சேர்க்கப்படவில்லை' என்ற நிலையிலேயே கிடக்கிறது. கேட்டால், வேறொரு தளத்திலிருந்து வரிக்கு வரி எடுத்துப் போட்டதாம். இப்போது மாமா அந்த வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருக்கிறார்.