கடைசித் தாள் கிழிந்தால் எது தாங்கும்? சாம்பு, வசந்த், சுசீலா, இன்ஸ்பெக்டர் சிங்

சிரிக்க வைக்கும் துப்பறியும் கதைகளில் எது உசத்தி என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல், பதினைந்து வயதில் கையில் எது கிடைத்ததோ அதுதான். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் தோட்டத்து வீடுகளில் கைமாறி, முடிவெட்டும் கடை பெஞ்சில் கொஞ்ச காலம் கிடந்து, யாரோ ஈப்போ பஸ்ஸில் படிக்க எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்த மாத நாவல்கள். அட்டை இருக்காது. நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால் இன்னும் மோசம், வெளித்தாள் கழன்றால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சேர்ந்தே போய்விடும், இரண்டும் ஒரே தாள்தானே. செத்தது யார் என்று பாதியில்தான் பிடிபடும், கொன்றது யார் என்று கடைசிவரை தெரியாது. அதனால் என் அளவுகோல் கொஞ்சம் கோணலானது: முடிவு இல்லாத பிரதியைப் படித்தாலும் படித்த திருப்தி இருக்கிறதா?

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா இதில் முதலிலேயே அடிபட்டுப் போகிறார்கள். மூன்லைட் டிடெக்டிவ் ஏஜென்சியும், சுசீலாவின் பனியன் வாசகமும், அதைப் படித்துவிட்டு பரத் அடிக்கும் கமென்ட்டும் பிடிக்காதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் சிரிப்பு ஒரு பக்கம், கேஸ் இன்னொரு பக்கம். பனியன் வாசகத்தை எடுத்துவிட்டாலும் கொலைகாரன் மாட்டுவான், கொலையை எடுத்துவிட்டாலும் இருவரும் வம்பளந்துகொண்டுதான் இருப்பார்கள். கேஸை இறுக்கமாகக் கட்டத் தெரிந்தவர் பிரபாகர், அதனாலேயே முடிச்சு அவிழும் பக்கம் இல்லாவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சுபாவின் நரேந்திரன்–வைஜயந்திக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான், ஓட்டம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தமிழ்வாணனின் சங்கர்லாலை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவர் தேநீர் குடித்துவிட்டு யோசிக்கும் இடங்களில் நான் சிரித்திருக்கிறேன், ஆனால் நான் சிரிக்க வேண்டும் என்று தமிழ்வாணன் எழுதியதாகத் தோன்றவில்லை.

சுஜாதாவின் கணேஷ்–வசந்த் வேறு ரகம். 1968இல் குமுதத்தில் வந்த நைலான் கயிறில் கணேஷ் தனி ஆள், அது சிரிப்புக் கதையும் அல்ல. வசந்த் பிறகு வந்து சேர்ந்தபின்தான் வக்கீல் ஆபீஸில் கலகலப்பு வருகிறது. இங்கே அரட்டை வெறும் அலங்காரம் இல்லை. வசந்த் வழிகிறான், எதிரில் இருப்பவர் கோபப்படுகிறார் அல்லது சிரிக்கிறார், அந்த அசந்த நேரத்தில் ஒரு தகவல் நழுவி விழுகிறது, “ஷட் அப் வசந்த்” என்று அதட்டிவிட்டு கணேஷ் அதைப் பொறுக்கிக்கொள்கிறார். யார் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் இந்த உரையாடல்களுக்காகவே திரும்பப் படிக்கலாம். மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை வசந்த் எத்தனையோ தடவை ஆரம்பித்து ஒருமுறைகூட முடிக்கவில்லை, அதைத் தாங்கிக்கொண்ட வாசகனுக்குக் கடைசிப் பக்கம் எம்மாத்திரம் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. கொலையுதிர் காலத்தை அப்படிப் படித்துப் பாருங்கள். அறிவியலா ஆவியா என்று கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற கதையில் கடைசித் தாள் இல்லாமல் தூக்கம் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெண்களைப் பார்த்து வசந்த் அடிக்கும் கமென்ட்டுகளில் ஒரு பகுதி இப்போது படிக்கும்போது நெளிய வைக்கிறது. மொழி மட்டும் பழசாகவே இல்லை.

சரி, சாம்புவுக்கு வருவோம். ஆனந்த விகடனில் 1940களில் தேவன் எழுதியது, பிற்பாடு கோபுலு சித்திரத் தொடராகவும் வரைந்தார். வங்கி குமாஸ்தாவாக இருந்த அசட்டு மனிதர், துப்பறியக் கிளம்புகிறார். அவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பதுதான் விசேஷம். தப்பான ஆளைப் பின்தொடர்வார், தப்பான கதவைத் திறப்பார், பயத்தில் எதையாவது தட்டிவிடுவார், அங்கே திருட்டு நகை கிடக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் வாயைப் பிளந்து, “இதை எப்படி சார் யூகித்தீர்கள்?” என்கிற பாணியில் நிற்பார். சாம்பு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தையும் மேதாவித்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். தேவன் ஜோக்கைத் தனியாகச் செருகவில்லை, அசட்டுத்தனமே துப்பு. ஒன்றை உருவினால் மற்றதும் கூடவே வந்துவிடும். திருடன் யார் என்பது படித்த மறுநாளே எனக்கு மறந்துவிடுகிறது, சாம்பு எப்படி விழுந்தார் என்பது மறப்பதில்லை. வேம்புவைக் கல்யாணம் செய்து குடும்பஸ்தராகிற பகுதிகளில் அவரைப் பற்றிய அக்கறையும் கூடிவிடுகிறது. கடைசித் தாள் என்ன, கடைசி நாலு தாள் போனாலும் நஷ்டமில்லை. குறை இல்லாமல் இல்லை: எல்லாக் கதைக்கும் ஒரே அச்சு, தொடர்ந்து படித்தால் மூன்றாவது கதையிலேயே முடிவு வாசம் அடிக்கும். இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலத்தில் எம்.சி. பீட்டனின் அகாதா ரெய்சினிடம் இதே குணம் உண்டு. 1992இல் வந்த முதல் நாவலில் அந்த அம்மா கிராமத்துச் சமையல் போட்டிக்குக் கடையில் வாங்கிய பலகாரத்தைத் தான் செய்ததாகக் கொண்டுபோகிறார், அதைத் தின்ற நடுவர் செத்துப்போகிறார். தான் செய்யவில்லை என்று சொன்னால் மானம் போகும், செய்தேன் என்றால் கொலைப்பழி. சிரிப்பும் சிக்கலும் ஒரே இடத்தில். ஆனால் அந்த ஊர் எனக்குத் தூரம்.

கிட்டத்தில் இருப்பவர் ஷமினி ஃப்ளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங். தொந்தி, தலைப்பாகை, வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து, மேலதிகாரிகளுக்குப் பிடிக்காத சிங்கப்பூர் போலீஸ்காரர். 2009இல் வந்த முதல் நாவலில் அவரைக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள், மர வியாபாரத்தில் பணம் சேர்த்தவரின் கொலை வழக்கு. சாப்பாடும், வெக்கையும், இரண்டு நாட்டுப் போலீசுக்கும் நடுவே உள்ள முறைப்பும் நமக்கு அப்படியே புரியும். சிரிப்பு அந்த மனிதரின் தோற்றத்திலும் பசியிலும் இருக்கிறது, வழக்கோ பெரும்பாலும் கனமானது, அதனால் சாம்புவுக்குப் பக்கத்தில் வைக்க முடியவில்லை. அதோடு அது நகரத்துக் கதை.

தோட்டப்புறத்தை வைத்து இப்படி லேசான ஒன்று வரவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஒருவேளை தயக்கம் காரணமாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பெயர் வெளியுலகத்துக்குத் தெரிய வந்ததே 1948 ஜூன் 16இல் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டபோதுதான், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது, அதில் சிரிக்க எதுவும் இல்லை. ஆனால் கோழித் திருட்டு இருக்கிறது, கோயில் கணக்கு இருக்கிறது, காணாமல் போன சைக்கிள் இருக்கிறது. துப்பறிய ஆளும் தயார்: செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதும் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா. அன்றைக்குக் காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, யார் வரவில்லை, யார் வராமலே பேர் போடச் சொன்னான் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அதில் பாதி அவரே மாற்றி எழுதியதாகவும் இருக்கும்.