குவாலா ரொம்பின் 'மீன் கேரண்டி' படகு: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவின் பகாங் கரையில் இருக்கும் ரொம்பினில் மயில்மீன் (செயில்ஃபிஷ்) சீசன் வந்துவிட்டது. 'குடும்பப் பேக்கேஜ், மீன் கேரண்டி, கிடைக்கலேன்னா பாதிப் பணம் வாபஸ்' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்களும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. போன வருடம் அப்படி ஒன்றை நம்பி 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி, பாதியை முன்பணமாகக் கட்டினோம். படகுக்காரர் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று, ரொம்பின் கடலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தென்சீனக் கடலின் அந்தப் பக்கம் ஆழம் குறைவு. சின்ன மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு மயில்மீன் (மலாய்க்காரர்கள் சொல்லும் லாயாரான்) ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அங்கே நிறைய வரும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் கதை முடிந்தது. நல்ல தெக்கோங் (படகோட்டி) அமைந்தால் பிள்ளைகள்கூட அந்த மீனைப் பிடித்து, படகோரம் வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடலாம். அந்த ஆசையில்தான் மனைவி, மகள், மச்சான், அவன் பையன் என்று எல்லாரும் கிளம்பினோம்.

ஜெட்டியில் நின்றது படத்தில் காட்டிய படகு இல்லை. கூரையும் கழிவறையும் உள்ள படகுக்குப் பேசியிருந்தோம். வந்ததோ ஒற்றை எஞ்சின், பாதிக் கூரை, கழிவறையே கிடையாது. ஏஜெண்டைக் கூப்பிட்டால், "அண்ணே, அது சர்வீஸுக்குப் போயிருக்கு, இதுவும் அதே மாதிரிதாண்ணே" என்கிறான். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடை கேட்டதற்குப் பெரியவர்கள் அளவில் இரண்டை எடுத்துக் கொடுத்தார்கள். மச்சான் பையன் அதைப் போட்டுக் கையைத் தூக்கியதும் உடை தலைவழியே கழன்று வந்தது. "இதோட என் மருமகன் ஏற மாட்டான்" என்று மனைவி ஜெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பக்கத்துப் படகுத் தெக்கோங் தன்னிடமிருந்த சின்ன அளவு உடைகளைக் கொடுத்தார். அந்த மனிதருக்கு நன்றி. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஒன்பதும் தாண்டிவிட்டது.

இனி மீன் விஷயம். தூண்டில் எல்லாம் படகில் இருக்கும், நீங்கள் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பல்லோ (வரிசையாகச் சின்ன முட்கள் கட்டிய நரம்பு) போட்டு உயிர் இரை பிடித்தார்கள், பலூன் கட்டி நாலு தூண்டிலை இறக்கினார்கள். அதுவரை குறையில்லை. மகள் வைத்திருந்த தூண்டிலின் பலூன் சட்டென்று உள்ளே போனது. வளைந்த சர்க்கிள் ஹூக்கில் வெட்டி (சட்டென்று சுண்டி) இழுக்கக் கூடாது, தூண்டில் நரம்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் முள் தானாக வாயோரம் ஏறும். தெக்கோங்கோ அவள் கையிலிருந்து ராடைப் பிடுங்கி ரெண்டு வெட்டு வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்படியும் முள் ஏறியது, மீனின் புண்ணியம்.

முழு நீளத்துக்குத் தண்ணீருக்கு மேலே எழும்பியது. நீலமும் கருப்புமாக அந்த முதுகுச் சிறகு விரிந்ததைப் பார்த்தோம். அடுத்த நொடி ஓட ஆரம்பித்தது. இந்த இடத்தில் ரீல் அலறிக்கொண்டே நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். ரீலுக்குள் பிரேக் மாதிரி இருக்கும் டிராக்கின் வேலையே அதுதான். இது விடவில்லை. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. ராட் வளைந்து படகு விளிம்பில் மோதுகிறது. மற்ற மூன்று நரம்புகளும் அப்படியே தண்ணீரில் கிடக்கின்றன, யாரும் சுற்றி எடுக்கவில்லை. எஞ்சினை முடுக்கி மீன் போகும் பக்கம் படகைத் திருப்பவும் இல்லை. பத்து எண்ணுவதற்குள் அறுந்தது. "லெப்பாஸ்" (தப்பிவிட்டது) என்று சொல்லிவிட்டுத் தெக்கோங் சிகரெட் பற்றவைத்தார்.

"அப்பா, ரீல் சுத்தவே இல்லப்பா" என்றாள் மகள். டிராக்கைத் தளர்த்தி நரம்பை இழுத்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. இறுக்கி வைத்தபடியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் ஒட்டிக்கொள்ளும். நரம்பும் வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. மச்சான் அதைக் கையில் சுற்றி ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினான்.

மீன் தப்புவது வழக்கம்தான், அதற்காக யாரும் பணம் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் காற்று ஏறுகிறது என்று இரண்டு மணிக்கே படகைத் திருப்பினார்கள். மற்ற படகுகள் அங்கேயேதான் நின்றன. கரையில் ஏஜெண்ட், "மீன் கடிச்சது, குதிச்சது, நீங்க வீடியோகூட எடுத்தீங்க. கேரண்டி முடிஞ்சதுண்ணே" என்றான். மீனைப் பிடித்துத் திரும்ப விடும் போட்டிகளில் பெரும்பாலும் லீடரை (முள்ளோடு சேரும் கடைசித் துண்டு கெட்டி நரம்பு) ஆள் கையால் தொட்டால்தான் மீன் பிடித்ததாகக் கணக்கு. எங்கள் லீடர் படகுப் பக்கமே வரவில்லை. அதோடு நரம்பும் முள்ளும் போனதற்கு 250 வெள்ளி தனியாகக் கேட்டான்!

"மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடுற மீன், எந்த ரீலும் தாங்காது" என்று ஒரு விளக்கம் வேறு. அந்த 110 பழைய கதை. 2016இல் மீனின் தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று அளந்து பார்த்த ஆய்வில் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் வந்தது. அதுவும் தண்ணீருக்குள் பேய் வேகம்தான், ஆனால் பழுதில்லாத டிராக் தாங்கும்.

போகிறவர்கள் பெட்டி நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டியிலேயே ஒவ்வொரு நரம்பையும் அதில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 30 பவுண்ட் இழுவை தாங்கும் நரம்பு என்றால் நாலு கிலோ வாக்கில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். திக்கித் திக்கி வந்தால் வேறு ரீல் கேளுங்கள். படகின் பதிவு எண், ஜபாத்தான் லாவுத் (கடல்துறை) உரிமத்தில் எத்தனை பேருக்கு அனுமதி, பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற உயிர்காப்பு உடை, கேரண்டி என்றால் கடிப்பதா, லீடரைத் தொடுவதா, அறுந்த நரம்புக்கு யார் பொறுப்பு, இவை எல்லாவற்றையும் முன்பணம் போகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். போனில் பேசியது எதற்கும் உதவவில்லை. எங்களிடம் இருந்த ஒரே பிடி விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்.

அதை வைத்துத்தான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மனு போய்ச் சேர்ந்ததும் ஏஜெண்ட் கூப்பிட்டான். மனுவை வாபஸ் வாங்கினால் இந்த சீசனில் ஒரு ட்ரிப் இலவசமாம், அதே படகில். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.