மலை முகாம் என்று நம்பி ரூ.18,500 இழந்தேன்: பிள்ளையோடு கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

கொடைக்கானலிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. இன்னும் பையைப் பிரிக்கவில்லை. மகனுக்காக வாங்கிய, தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் உறை பிரிக்காமல் அதற்குள் கிடக்கிறது. அதை வெளியே எடுக்கப் போனாலே ஆத்திரத்தில் கை நடுங்குகிறது. ஆறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வேன். அதைத்தான் என்னை ஏமாற்றியவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். குன்றக்குடி மலையைவிட உயரமான மலையில் அவன் ஏறியதில்லை. அப்பா வரட்டும், வரட்டும் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் இது. இந்த வருடமும் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், நாம் இருவருமே போகலாம் என்று பையனிடம் வாக்குக் கொடுத்தேன். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி சனி, ஞாயிறு.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. படமும் காணொளியும் போடுகிற ஒரு சமூக ஊடகத்தில் வந்தது. பெற்றோர் ஒருவர், பிள்ளை ஒருவர், கொடைக்கானலுக்கு மேலே இரண்டு இரவு முகாம். கூடாரம், கணப்பு, விடியற்காலையில் பறவை பார்ப்பது, இரவில் நட்சத்திரம் பார்ப்பது, கடைசி நாள் காலை உணவைப் பிள்ளைகளே சமைப்பது. இருவருக்கும் சேர்த்து ரூ.12,000. அதிகம்தான். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான் ஏமாந்தது விளம்பரத்தைப் பார்த்து அல்ல. அதை நன்றாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "விளம்பரத்தைப் பார்த்துப் பணம் போடுவார்களா" என்று என்னிடம் இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். எண்ணை அழைத்தேன். ஒரு பெண் பேசினாள். பணத்தைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "தம்பிக்கு வீசிங் உண்டா அக்கா? ஷூ என்ன அளவு?" என்று கேட்டாள். பிறகு ஒரு படிவம் அனுப்பினாள். இருபத்திரண்டு கேள்விகள், எல்லாம் தமிழில். முட்டை சாப்பிடுவானா, மலைப் பாதையில் வாந்தி எடுப்பானா, இருட்டைக் கண்டால் பயமா, இரவில் விழித்தால் யாரைத் தேடுவான்.

கடையைச் சாத்திவிட்டு, தையல் இயந்திரத்தின் மேலேயே கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினேன். சில இரவுகளில் அவன் எழுந்து உட்கார்ந்து "சிங்கப்பூரில் இப்போது மணி என்ன அம்மா?" என்று கேட்பான். அதைக்கூட எழுதினேன். என் மாமியாருக்கும் தெரியாத விஷயம் அது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "கவலைப்படாதீர்கள் அக்கா, தம்பியின் கூடாரத்தை எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன். இரவு முழுவதும் ஒரு விளக்கு எரியும்." படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடத்திலேயே ரூ.12,000 அனுப்பினேன்.

அனுப்பும்போது திரையில் முகாமின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கவனித்தேன், கேட்கவும் செய்தேன். "அவர் எங்கள் கணக்காளர் அக்கா, நிறுவனக் கணக்கில் இன்றைய வரம்பு முடிந்துவிட்டது" என்றாள். ரவிக்கைக்குக் கொக்கி ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். அதை அப்படியே விழுங்கினேன். பிள்ளையின் பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம், குளிருக்கான படுக்கைப் பைக்கு முன்பணம் ரூ.3,500, திரும்பும்போது தந்துவிடுவோம் என்றார்கள். அனுப்பினேன். அதற்கடுத்து இ-பாஸுக்கும் வனத்துறை அனுமதிக்கும் ரூ.3,000. அதையும் அனுப்பினேன். மொத்தம் ரூ.18,500. லைனிங் ரவிக்கைக்கு நான் வாங்கும் கூலி ரூ.350. கணக்குப் போட்டுப் பாருங்கள், 53 ரவிக்கை. மார்கழி இரவுகளில் கண் எரிய எரிய உட்கார்ந்து தைத்த 53 ரவிக்கை.

இந்த இ-பாஸ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அரசு இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. நாங்கள் போனதே அரசுப் பேருந்தில்! இலவசமாகக் கிடைப்பதற்கு, அதுவும் எனக்குத் தேவையே இல்லாததற்கும் சேர்த்து ரூ.3,000 கொடுத்திருக்கிறேன்.

என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார்கள். பருத்திக் காலுறை வேண்டாம், நனைந்தால் குளிரை இழுக்கும், கம்பளிக் காலுறை எடுத்து வாருங்கள். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய உடை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சூடு நிற்கும். எல்லாம் சரியான விவரங்கள்தான், அதனால்தான் சந்தேகமே வரவில்லை. அந்தப் பட்டியலைப் பையன் நோட்டில் எழுதி, வாங்க வாங்க ஒவ்வொன்றாக டிக் போட்டான். அவனுடைய அப்பத்தா கைமுறுக்கும் மாவுருண்டையும் செய்து, முகாமில் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று பெரிய தூக்கில் நிரப்பித் தந்தார்.

விடிவதற்கு முன்பே காரைக்குடியில் பஸ் ஏறி மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஆரப்பாளையம், பிறகு வத்தலகுண்டு வழியாக மலை. பயந்தபடி பையன் வாந்தி எடுக்கவில்லை. கொடைக்கானல் நிலையத்தில் இறங்கியதும் வாயைத் திறந்து "அம்மா, எனக்குள்ளிருந்து புகை வருகிறது பாருங்கள்" என்றான். ஊதி ஊதிக் காட்டினான். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் அதை எங்கே பார்ப்பது? அந்த ஒரு நிமிடச் சந்தோஷம்தான் எனக்கு மிஞ்சியது.

ஒரு மணிக்கு ஜீப் வரும் என்றிருந்தார்கள். ஒன்றரைக்கு அழைத்தேன். "டயர் பஞ்சர் அக்கா, அரை மணி நேரம்." இரண்டரைக்கு, "பாதையில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்." மூன்றரைக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. நான்கு மணிக்கு அவர்கள் கைப்பேசியே அணைத்து வைக்கப்பட்டுவிட்டது. அதற்குள் மூடுபனி இறங்கி எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாமல் போனது. பையன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் எழுந்து எழுந்து பார்த்தான். ஐந்து மணிக்குமேல் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டான்.

எங்களை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜீப் ஓட்டுநர் வந்து விசாரித்தார். முகாமின் படத்தைக் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கி, கூடாரத்துக்குப் பின்னால் மூலையில் இருந்ததைக் காட்டினார். "அக்கா, சிகரத்தில் பனி மூடியிருக்கிறது பாருங்கள். நம் மலையில் விடியற்காலையில் புல்மேல் உப்புத் தூவியதுபோல உறைபனி விழும், வெயில் வந்தால் போய்விடும். இப்படிச் சிகரத்தில் நிற்காது. இது இமயமலைப் பக்கத்துப் படம்." நூறு தடவை பார்த்த படம். நான் கூடாரத்தையும் நெருப்பையும்தான் பார்த்திருக்கிறேன், பின்னால் பார்க்கவில்லை. "கூடாரத்துக்குள்ளே கரிக் கணப்பு" என்று விளம்பரத்தில் இருந்ததைப் படித்துவிட்டு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. மூடிய கூடாரத்துக்குள் கரி எரித்தால் அந்த நச்சுக்காற்றில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும், முகாம் நடத்தத் தெரிந்தவன் எவனும் இப்படிச் சொல்ல மாட்டான் என்றார். அனுமதி இல்லாமல் கூடாரம் அடித்துத் தங்க வைப்பவர்கள்மேல் அங்கே அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

விடுமுறைக் கூட்டத்தில் அறை கிடைக்கவில்லை. அவரே அலைந்து ஒரு சின்ன அறை பிடித்துக் கொடுத்தார். ஒரு இரவுக்கு ரூ.3,200. வெந்நீர் இல்லை. பையன் இரண்டு ஸ்வெட்டரையும் குல்லாயையும் போட்டபடியே போர்வைக்குள் உட்கார்ந்து, "நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்களா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. திங்கட்கிழமை வேறு எண்ணிலிருந்து ஒருவன் பேசினான். "நீங்கள் குறித்த நேரத்தில் ஏறும் இடத்துக்கு வரவில்லை, எங்கள் விதிப்படி வராதவர்களுக்குப் பணம் திரும்பாது" என்றான். ஐந்து மணி நேரம் பிள்ளையோடு குளிரில் நின்றவளைப் பார்த்து வரவில்லை என்கிறான்! கத்தினேன். உடனே குரல் மாறியது. "சரி அக்கா, உங்களுக்காக மேலிடத்தில் பேசுகிறேன், ஏழு வேலை நாள்." மறுநாள் ஒரு கியூஆர் குறியீடு வந்தது. ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் ரூ.18,500 என் கணக்குக்கு வந்துவிடுமாம். போடப் போனேன். பக்கத்துக் கைப்பேசிக் கடைத் தம்பிதான் கையைப் பிடித்துத் தடுத்தார். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அது அனுப்புவதற்கு மட்டும்தான். இரண்டாவது தடவையும் கறக்கப் பார்த்திருக்கிறார்கள்.

வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம் அம்மா, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். விளம்பரம் வந்த சமூக ஊடகத்தில் புகார் செய்தேன். அந்தப் பக்கம் தங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. காவல் நிலையத்தில், இணையவழிப் பண மோசடிக்கான புகார் எண் 1930-க்கு அழைக்கச் சொன்னார்கள். அழைத்தேன். பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். "பணம் அனுப்பி எத்தனை நாள் ஆயிற்று?" முதல் தொகை அனுப்பிப் பதினேழு நாள் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு புகார் எண் கொடுத்தார். உடனே அழைத்திருந்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்.

எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பொங்கல் தையல் குவிந்து கிடக்கிறது, தோன்றுவதைச் சொல்கிறேன். பணம் அனுப்பும் திரையில் வேறு ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இ-பாஸுக்குக் காசு கேட்பவன் திருடன். இடத்தை இப்போதே காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தது தெரிந்தால் வங்கிக்குப் போகும் வழியிலேயே 1930-க்கு அழையுங்கள், நான்கு பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அரட்டைப் பதிவுகள், ரசீதுகள் எதையும் அழிக்காதீர்கள். ஆத்திரத்தில் நான் பாதியை அழித்துவிட்டேன்.

இன்று காலை அதே படம், பின்னால் அதே பனிச் சிகரம், பக்கத்தின் பெயர் மட்டும் புதிது. "பொங்கல் விடுமுறை, தாயும் பிள்ளையும், நான்கு இடங்களே மீதம்." கீழே ஒரு அம்மா, "என் மகளுக்கு ஏழு வயது, சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் என் பதிலை நீக்கிவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள். அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம் உங்கள் கைப்பேசிக்கு வந்திருந்தால், தயவுசெய்து நிரப்பாதீர்கள். நிரப்பிப் பணமும் அனுப்பியிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930-க்கு அழையுங்கள்.