வடசென்னையில் நாய்க்கடி சிகிச்சை: ஊசி சரி, நாய் என்னாயிற்று?

கொருக்குப்பேட்டையில் என் அக்கா மகனைத் தெருநாய் கடித்ததையொட்டி, எங்கள் பகுதியிலுள்ள ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அங்கிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெரிய அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் இலவச நாய்க்கடி சிகிச்சையைத் தொடக்கம் முதல் கடைசி ஊசி வரை கவனிக்க நேர்ந்தது. மனிதருக்கு ஊசி போடும் பகுதிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருவேன். கடித்த நாயைப் பின்தொடரும் பகுதிக்கு ஒன்று தருவதே தாராளம்.

சீட்டு வாங்கும் இடத்தில் நாய்க்கடி என்று சொன்னதுமே வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துவிட்டார்கள். மருத்துவரிடம் போவதற்கு முன்பே செவிலியர் பையனைக் குழாயடிக்குக் கூட்டிச் சென்று, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வைத்தார். எங்களுக்கு முன்னால் வந்திருந்த முதியவரின் காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தன. அதையும் முகம் சுளிக்காமல் கழுவியெடுத்தார். கிருமியின் பெரும்பகுதி காயத்திலேயே அழிவது இந்தக் கழுவலில்தான் என்பதால், ஊசிக்குக் குறையாத முக்கியத்துவம் இதற்கு உண்டு. தனியார் மருத்துவமனைகளில்கூட எல்லா இடத்திலும் இந்தப் பொறுமையைப் பார்க்க முடியாது.

தடுப்பூசி இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போடப்படுகிறது. கொசு கடித்தது போல ஒரு சிறு தடிப்பு எழும்புகிறது. அது எழும்பினால்தான் மருந்து சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது என்று பொருள். முதல் நாளைப் பூஜ்யமாகக் கொண்டு 3, 7, 28 ஆகிய நாள்களில் மீண்டும் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் எங்கள் தெருப் பெரியவர்களிடம் இன்னும் இருப்பதால், அந்த முறை எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். இம்முறையில் ஒரு குப்பி மருந்தைப் பலருக்குப் பகிர முடியும். ஆனால் திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனாலோ என்னவோ, ஒரு நாள் இன்னொருவர் வரும்வரை எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். பையனின் கெண்டைக்காலில் தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) செலுத்த வேண்டியிருந்தது. அது இந்த நிலையத்தில் இல்லாததால் பெரிய மருத்துவமனைக்கு அலைந்து, அங்கே எல்லா விவரத்தையும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியதாயிற்று. ஐந்தாவது நட்சத்திரம் இங்கேதான் போயிற்று.

இனி நாய். "அந்த நாய் பத்து நாள் நல்லா இருக்கான்னு பாத்துக்கோங்கம்மா" என்று செவிலியர் அக்காவிடம் சொன்னார். மருத்துவ ரீதியில் இது சரியான அறிவுரை. கடித்தபோது எச்சிலில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமி இருந்த நாய் பத்து நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். அதற்குப் பிறகும் நலமாக இருந்தால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் தெருநாயை யார் கண்காணிப்பது, இறந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு எங்களுக்குத் தந்த ஊசி அட்டையில் ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டில் தெருநாயா, வீட்டு நாயா என்று ஒரு டிக் அடித்ததோடு நாயின் வரலாறு முடிந்தது. அதன் காதில் கருத்தடை செய்ததற்கு அடையாளமான வெட்டு இருந்ததை நாங்களாகச் சொன்னோம். எழுதிக்கொள்ள அங்கே கட்டமே இல்லை. அந்த வெட்டு அறுவை சிகிச்சையின்போது தடுப்பூசியும் போடப்பட்டிருக்கும் என்பதைத்தான் காட்டும். அதன் வீரியம் இன்னும் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

விலங்குப் பிரிவு அலுவலகம் ஒன்றைத் தொடர்புகொண்டபோது, கடி நடந்த தகவலே அவர்களுக்கு வந்திருக்கவில்லை. அவர்களுடைய வண்டி வந்து சேர்ந்தபோது கண்காணிப்புக் காலம் முடிந்திருந்தது; சம்பந்தப்பட்ட நாய் டீக்கடை வாசலில் பொறை தின்றுகொண்டிருந்தது.

இந்த இடைவெளி எங்கள் வார்டின் பிரச்சினை மட்டுமன்று. 2030-க்குள் நாய்வழி ரேபிஸ் மரணங்களை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை ஒன்றிய சுகாதார அமைச்சகமும் கால்நடை பராமரிப்புக்கான அமைச்சகமும் 2021 செப்டம்பர் 28 அன்று கூட்டாக வெளியிட்டன. ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது அதன் அடிப்படை. ஆனால் பொது சுகாதாரமும் கால்நடை நோய்த் தடுப்பும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் அதிகாரத்தில், இருக்கின்றன. தெருநாய்க் கருத்தடையோ 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. ஆக, டெல்லியில் இரண்டு அமைச்சகங்கள் கையெழுத்திட்ட காகிதம் கொருக்குப்பேட்டைக்கு வரும்போது மூன்று நான்கு மேசைகளாகப் பிரிந்துவிடுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது பற்றிய, ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலின் 29-ஆவது இனம் மனிதர், விலங்கு, தாவரம் மூன்றையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

இதில் வருத்தம் என்னவென்றால், வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மாதவரம் பால் பண்ணையில் விலங்கு நோய் ஆய்வகங்கள் இருக்கின்றன. ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். கடிபட்டவரின் பதிவேட்டில் தெரு, நாயின் நிறம், காது வெட்டு, கடித்த சூழ்நிலை ஆகியவற்றுக்கு இடம் விட்டு, அன்றைக்கே அது விலங்கு மருத்துவரின் கைப்பேசிக்குப் போனால், அவர் வந்து நாயைப் பார்த்துவிட்டுத் தன் முடிவைச் செவிலியருக்குத் திருப்பிச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஒருங்கிணைந்த கடி மேலாண்மை என்பது ஏறக்குறைய இவ்வளவுதான். அந்த வழி ஒருமுறை திறந்துவிட்டால், மழை வெள்ளத்துக்குப் பின் எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலுக்கும் அதுவே உதவும்.

இப்போதைக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நாய் நலமாகத் தெரிகிறது என்று முதல் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நாயைக் கைப்பேசியில் படமெடுத்து, ஊசி அட்டையின் பின்புறம் தெருவையும் அடையாளத்தையும் நீங்களே எழுதிவையுங்கள். பத்து நாளுக்குள் அது இறந்தாலோ காணாமற்போனாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; இறந்த நாயைத் தொடாமல் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தெரிவியுங்கள்.